நல்ல பிள்ள, அம்புட்டுதான்

வாங்க அண்ணாச்சி, வாங்க. வெயில்ல நிக்காதீங்க. இந்த நாற்காலியில இருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பாத்தியளா, வந்தவுடனே சொல்லிட்டேன். வேற வீடா இருந்தா சொல்ல மாட்டாவ. நீங்க விழுந்த பொறவு அய்யய்யோன்னு ஓடி வருவாவ.

வடிவப் பத்தி விசாரிக்கத்தான வந்திருக்கிய? தெரியும். வெள்ள வேட்டி, கையில பை கிடையாது, தெரு முக்குல நின்னு மேலயும் கீழயும் பாத்திய. பொண்ணப் பத்தி விசாரிக்க வாரவிய எல்லாரும் அப்படித்தான் நிப்பாவ. மாப்பிள்ளைக்கு நீங்க தாய்மாமாவா? நெனச்சேன். தாய்மாமாவத்தான் முதல்ல அனுப்புவாவ. அப்பனுக்கு விசாரிக்கத் தெரியாது, வரதட்சணைதான் தெரியும்.

சரி, கேட்டுக்கிடுங்க. வடிவு நல்ல பிள்ள. அம்புட்டுதான். நல்ல குடும்பம். அப்பா கொல்லத்துல பேக்கரியில நிக்காரு, திருவிழாவுக்கு வருவாரு. அம்மா பகவதி தையல் மிஷினை மிதிச்சே அந்தப் பிள்ளய பி.எஸ்ஸி. படிக்க வச்சிருக்கா. எதிர்த்த வரிசையில நீலக் கேட்டு போட்ட வீடு. வேற ஒண்ணும் நான் சொல்லுததுக்கு இல்ல.

இருங்க, இருங்க. அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? அந்த வாசல்ல பகவதி நிக்கா. திரும்பாதீங்க, ஓரக்கண்ணால பாருங்க. நீங்க சட்டுன்னு எந்திரிச்சா அவ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிடும். போன தடவ கல்லிடைக்குறிச்சியிலருந்து வந்தவிய அப்படித்தான் எந்திரிச்சுப் போனாவ. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு, சிரிச்ச முகமா போங்க.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? போன தடவயா? ஆமா, ஒரு எடம் வந்துச்சு. அமையல. பொம்பளப் பிள்ள இருக்க வீட்டுக்கு எடம் வரும், போவும். அத விடுங்க.

இந்தாங்க காப்பி. சீனி கொஞ்சம் கூடிப் போச்சு. பால் நேத்து வாங்கினது, காய்ச்சித்தான் வச்சிருந்தேன். எதுக்கும் சொல்லிட்டேன்.

உங்கள யாரு இங்க அனுப்பினா? முக்குல துணி தேய்க்க அயன் வண்டிக்காரர்தான? 'முக்கு வீட்டு ஆவுடையம்மாகிட்ட கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா'ன்னு சொல்லியிருப்பாரு. நெனச்சேன். இந்தத் தெருவுல யாருக்கு வரன் வந்தாலும் என் வாசலத் தாண்டித்தான் போவணும். டீக்கடையில கேட்டா அவன் யாரு கடன் வச்சிருக்கான்னு பாத்துச் சொல்லுவான். நான் அப்படிக் கிடையாது. எங்க வீட்டுக்காரருக்கும் அவரு அண்ணனுக்கும் பாகம் பிரிக்கையில, கிணறு யாருக்குன்னு பேச்சு வந்துச்சு. 'கிணறு மூத்தவனுக்கு'ன்னு எங்க மாமனார் கடைசியா சொன்னத நான் ஒருத்திதான் காதால கேட்டவ. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கிணறு எங்களுக்கு. நான் சபையில சொல்லிட்டேன். கிணறு போச்சு. அன்னையிலருந்து தெருக்குழாய்ல குடத்தோட நிக்கேன். எங்க வீட்டுக்காரர் சாவுற மட்டும், குடத்தப் பாக்கும்போதெல்லாம் என்னைய ஒரு பார்வ பாப்பாரு. பாக்கட்டும். தண்ணி எங்கயும் கெடைக்கும், சொல்லு கெடைக்குமா?

மனுசனுக்குப் பிடிச்சு நிக்க ஏதாவது ஒண்ணு வேணும்லா அண்ணாச்சி. சிலருக்குச் சாமி, சிலருக்குச் சாதி. பகவதிக்கு அவ பிள்ள. எனக்கு இது. இத விட்டா என்கிட்ட என்ன இருக்கு? இந்த ஆடுத நாற்காலிதான் இருக்கு.

சிரிக்கிய. எதுக்குச் சிரிக்கிய? இல்ல, சொல்லுங்க. நல்ல பிள்ளன்னு நான் சொன்னத நம்பலயா? எல்லாரும் சொல்லுததத்தான இவளும் சொல்லுதா, நல்ல பிள்ள, நல்ல குடும்பம், அடக்கமான பொண்ணுன்னு. அதான ஓடுது உங்க மனசுல? அய்யோ, என்னையும் அந்தக் கூட்டத்துல சேத்துட்டியள. அண்ணாச்சி, நான் ஒரு வார்த்தையோட நிறுத்துததுக்குக் காரணம் இருக்கு. மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. என் மகளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

எனக்கு ஒரே மக, சுகந்தி. ஆலங்குளத்துல கெட்டிக் கொடுத்திருக்கு. இப்ப மாசமா இருக்கா. தலப்பிரசவம். தாய் வீட்டுல வச்சுப் பாக்கதுதான நம்ம முறை? வர மாட்டேங்கா. வளைகாப்புக்குப் போனேன், அவ பக்கத்துல எல்லாரும் வந்து வந்து நலங்கு வச்சாவ, நான் வச்சப்ப மட்டும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. எனக்கு அப்படியே உசுரு போயிட்டு. கெஞ்சிக் கேட்டேன். அப்பத்தான் சொல்லுதா: 'அம்மா, வடிவுக்கு நிச்சயமாகட்டும், அன்னைக்கு வாரேன் உன் வீட்டுக்கு. அதுவரைக்கும் யாரு வந்து கேட்டாலும் நல்ல பிள்ளன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. என் வயித்துல கை வச்சு சத்தியம் பண்ணு'ன்னா. பண்ணிட்டேன்.

அதனாலதான் சொல்லுதேன். நல்ல பிள்ள, அம்புட்டுதான்.

தொட்டில் கம்பத் தொடச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. உள்ள வந்து வேணா பாருங்க. பிரசவ லேகியத்துக்குச் சாமானெல்லாம் வாங்கியாச்சு. பேரப்பிள்ள ஆஸ்பத்திரியிலருந்து மாமியா வீட்டுக்குப் போச்சுன்னா இந்த ஊரு என்னைய என்ன பேசும்? ஊர விடுங்க. எனக்குத் தாங்காது. அதனால, நீங்க அந்தப் பிள்ளயப் பாத்து முடிச்சுக் கொடுத்தியன்னா, அவளுக்கு மட்டும் இல்ல, எனக்கும் புண்ணியமாப் போவும்.

அவ எதுக்கு அப்படிச் சத்தியம் வாங்கணும்னு கேக்கிய. நியாயமான கேள்வி. கேட்டா சொல்லாம இருக்க எனக்கு வராது.

போன ஐப்பசியில கல்லிடைக்குறிச்சிக்காரவிய வந்தாவ. நீங்க இருக்கிற இதே நாற்காலிதான். வடிவப் பத்திக் கேட்டாவ. நான் பாத்தத, கண்ணால பாத்தத, சொன்னேன். என்ன சொன்னேன்னு மட்டும் கேக்காதீங்க, அது சத்தியத்துக்கு உள்ள வருது. அவிய அந்த வீட்டுப் படி ஏறாமலே திரும்பிப் போயிட்டாவ. அவ்வளவுதான் நடந்தது.

மறுநா காலையில குழாயடிக்குப் போறேன், பகவதி குடத்த வச்சிட்டு நிக்கா. தண்ணி நெறஞ்சு வழியுது, அவ குழாய மூடல. என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'மதினி, நீங்களா?' ஆமா, நான்தான், எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னேன். சண்ட போடுவான்னு தயாராத்தான் போயிருந்தேன். நாலு பதில் யோசிச்சு வச்சிருந்தேன். அவ குடத்தத் தூக்கி இடுப்புல வச்சிட்டுப் போயிட்டா. அண்ணாச்சி, வாய்க்கு வந்தபடி வஞ்சிருந்தா கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

பொறவு தை மாசம் என் சுகந்திக்கு ஆலங்குளத்து எடம் வந்துச்சு. நல்ல எடம். மாப்பிள்ள ஈ.பி.யில வேல. நான் தெருவுக்கெல்லாம் விசாரணக்காரி, என் மகளப் பத்தி எங்க போயி விசாரிப்பாவ? எதிர்த்த வீட்டுலதான? மாப்பிள்ளையோட பெரியப்பா நேரா நீலக் கேட்டத் தொறந்துக்கிட்டுப் போறாரு. நான் இந்த ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு நிக்கேன். அந்த வாசல விட்டுக் கண்ண எடுக்கல.

ஏன்னா பகவதிக்குத் தெரியும். சுகந்தி திருநவேலியில ஒரு ஜவுளிக்கடையில வேலைக்குப் போயிட்டிருந்தப்ப, அங்க ஒரு பையனோட பழக்கம். ஒருநா துணிப்பையோட கெளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டுல வச்சு அவளப் பாத்தது பகவதி. பையன் வரவே இல்ல. இவ உக்காந்து அழுதுட்டிருக்கா. பகவதி ஒரு வார்த்த கேக்கல, பூ வாங்கித் தலையில வச்சு விட்டு, 'அத்தையோட துணி எடுக்க வந்தேன்னு சொல்லு'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டா. தெருவுல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. இப்ப உங்களுக்குத்தான் சொல்லுதேன்.

அந்தப் பெரியப்பா உள்ள போனவரு வரவே இல்ல. போச்சு, ஐப்பசிக்குத் தையில பதில் சொல்லுதா, சொல்லட்டும், நியாயந்தானன்னு நெனைக்கேன். ஆனாலும் பேச்சியம்மனுக்கு நேந்துக்கிட்டேன். அப்புறம் பாத்தா அவரு வெத்தல போட்டுட்டு வாயெல்லாம் சிரிப்பா வாராரு. 'தங்கமான பிள்ளயாம்லா, இந்தத் தெருவுலயே அப்படி ஒரு பிள்ள இல்லையாம்லா'ங்காரு. அங்கயே முடிஞ்சிட்டு கல்யாணம்.

நான் பகவதிகிட்டப் போனேன். கும்பிடத்தான் போனேன், அண்ணாச்சி, சத்தியமா. ஆனா வாயில வந்தது வேற. 'ஏன் பகவதி பொய் சொன்ன?'ன்னு கேட்டுட்டேன். அவ மிஷின நிறுத்தல. 'பொய்யா? பிள்ள எப்படின்னு கேட்டாவ, பிள்ளயப் பத்திச் சொன்னேன். ஒருநா நடந்ததையா கேட்டாவ? நம்ம சுகந்தி தங்கந்தான மதினி'ன்னா. வீட்டுக்கு வந்த பொறவு நெறைய பதில் வந்துச்சு.

அதோட விட்டிருந்தா இந்தத் தொல்ல இல்ல. மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தி அம்மா வந்திருந்தாவ. எலையில உக்காந்துகிட்டு, 'உங்க தெருக்காரவிய பிள்ளயப் பத்தி என்னமாச் சொன்னாவ, அப்பழுக்கு இல்லாத பிள்ளன்னாவ'ன்னு ஒரே புகழ்ச்சி. நான் பாயசம் ஊத்துதேன். நாம ஒரு பொய்ய வச்சுல்லா இவியளுக்குச் சோறு போடுதோம்னு இருக்கு. தின்ன சோறு செமிக்குமா எனக்கு? அடுப்படிக்குத் தனியாக் கூப்பிட்டு, 'சம்பந்தி, ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க'ன்னு அந்த பஸ் ஸ்டாண்டு விசயத்தச் சொல்லிட்டேன். அவிய நல்ல மனுசி, புரிஞ்சுக்கிடுவாவன்னு நெனச்சேன். உண்மையச் சொன்னா மரியாதைதான கூடும்?

கூடல. இப்ப என் மக கோயிலுக்குப் போனா கூட நாத்தனார் துணைக்குப் போறா. செல்போன மாமியா தலமாட்டுல வச்சிருக்காவ. மாப்பிள்ள ஒண்ணும் கேக்க மாட்டாராம், ஆனா சிரிக்கவும் மாட்டாராம். சுகந்தி என்கிட்டச் சொன்னா, 'அம்மா, பகவதி அத்த தன் பிள்ளைக்கு நீ பண்ணின பொறவும் என்னைய மூடி வச்சா. நீ பெத்தவ, தொறந்து காட்டிட்ட'ன்னா. பெத்த பிள்ள வாயில இந்தச் சொல்லு வரலாமா? நான் என்ன, களவா எடுத்தேன்? இல்லாததச் சொன்னேனா?

விடுங்க. கண்ணு கலங்குது. வெயிலுக்கு.

நீங்க என்ன யோசிக்கிய? முகம் சரியில்ல. ஓ... 'இவ மக கதையே இப்படின்னா, கல்லிடைக்குறிச்சிக்காரவிய படி ஏறாம போற அளவுக்கு வடிவு என்ன பண்ணினா'ன்னு நெனைக்கிய. அதான? அய்யோ அண்ணாச்சி, பாவம் பிடிக்கும். கன்னத்துல போட்டுக்கிடுங்க. பையோட போனது என் மக. வடிவு தெருவுல குனிஞ்ச தல நிமிர மாட்டா. ஒரு பையனத் திரும்பிப் பாத்திருக்க மாட்டா. அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. அது உடம்பு விசயம்.

பாத்தியளா, இப்ப இன்னும் மோசமா நெனைக்கிய. அரைகொறையா விட்டா குஷ்டமா டி.பி.யான்னு உங்க புத்தி எங்கெல்லாமோ போவும். அது அந்தப் பிள்ளைக்குப் பண்ணுத துரோகம்லா. சொல்லித் தொலைக்கேன், கெட்ட பேரு வராம இருக்கணும்லா. வலிப்பு. சின்னப் பிள்ளையில அப்பப்ப வலிப்பு வரும். அவ்வளவுதான். எத்தன பிள்ளைகளுக்கு வருது!

நான் சும்மா கேள்விப்பட்டுச் சொல்லல. இந்தக் குழாயடியிலதான் ஒரு தடவ விழுந்தா. பாவாட சட்ட போட்ட வயசு. கையும் காலும் இழுத்துக்கிட்டு, வாயில நுரை தள்ளுது. எல்லாரும் அய்யோன்னு கத்திட்டு தள்ளி நிக்காவ, ஒருத்தி கூட பக்கத்துல வரல. நான்தான் ஓடுனேன். என் இடுப்புல கெடந்த சாவிக்கொத்த அவ கைக்குள்ள திணிச்சு, விரல மடக்கிப் பிடிச்சுக்கிட்டேன். இரும்பு பட்டா நிக்கும்பாவ. நின்னுச்சோ, தன்னால நின்னுச்சோ, என் மடியிலதான் கண்ணு முழிச்சா. அத்தன்னு கூப்பிட்டா. அன்னைக்கு நான் அழுத அழுக என் சுகந்திக்குக் கூட அழுததில்ல. அந்தப் பிள்ள மேல எனக்கு எம்புட்டுப் பிரியம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரியம் இல்லாதவளா இவ்வளவு வெவரமாச் சொல்லுவா?

கடைசியா வந்தது பன்னெண்டாப்புப் பரீட்ச சமயத்துல. ராத்திரி கண்ணு முழிச்சுப் படிச்சா, அதுல வந்துட்டு. அதுக்குப் பொறவு கிடையாது. மாத்திரையையும் டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாவ. கல்யாணம் பண்ணலாம், பிள்ள பெத்துக்கிடலாம், ஒரு குறையும் இல்லன்னு சொல்லியாச்சு. இதையும் நான் கல்லிடைக்குறிச்சிக்காரவியகிட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அவிய நுரைங்கதக் கேட்டதுமே எந்திரிச்சுட்டாவ. முழுசாக் கேக்காம போனா நான் என்ன செய்ய? நீங்க முழுசாக் கேட்டுட்டிய. அதான் படிச்சவியளுக்கும் மத்தவியளுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு விசயம், அண்ணாச்சி. இது உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி அங்க காட்டிக்கிடாதீங்க. இன்னைக்குக் காலையில பகவதி என்கிட்டப் பேசினா. ஐப்பசிக்குப் பொறவு அவளா வந்து பேசுதது இன்னைக்குத்தான். குழாயடியில, தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'மதினி, இன்னைக்கு மாப்பிள்ளையோட பொண்ணு பாக்க வாராவ. உங்களப் பொய் சொல்லச் சொல்லல. வடிவு மாப்பிள்ளகிட்ட தன் வாயாலயே எல்லாம் சொல்லணும்ங்கா. அவரு முகத்தப் பாத்துச் சொல்லுவேன், அவரு பாத்து முடிவு பண்ணட்டும்ங்கா. அந்த ஒரு வாய்ப்ப மட்டும் அவளுக்கு விட்டுக் கொடுங்க'ன்னா. விட்டுக் கொடுக்காம? நான் என்ன கல்லா? உனக்குச் சத்தியமா நல்ல பிள்ளங்கதத் தவிர ஒரு சொல்லு வராதுன்னு கையில அடிச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கேன். அதனால நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரியே போயி இருங்க. அந்தப் பிள்ள சொல்லும்போது புதுசாக் கேக்குத மாதிரி கேட்டுக்கிடுங்க. நெய் வாசன வருதா? வடிவு கேசரி கிண்டுதா.

என்ன, காப்பி அப்படியே இருக்கு? சீனிதான் கூடிட்டுன்னேன். பரவாயில்ல, வச்சிடுங்க. கெளம்புதியளா? சரி, சரி, நல்ல நேரம் போயிடும். நீங்க என் வீட்டுல இவ்வளவு நேரம் இருந்ததப் பாத்தே பகவதிக்கு உசுரு வந்திருக்கும். பாருங்க, சிரிக்கா. புதுச் சேலை கெட்டியிருக்கா. பகவதீ! சொல்லிட்டேன்! நல்ல பிள்ளன்னு சொல்லிட்டேன்!

அண்ணாச்சி, அந்தப் பக்கம் இல்ல. நீலக் கேட்டு இந்தப் பக்கம். அது பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி. அண்ணாச்சி... யாருக்குப் போன் பண்ணுதிய? வெயில்ல நின்னு எதுக்கு? அங்க போயி நெழல்ல இருந்து பேசலாம்லா.

ஏன் அண்ணாச்சி, நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே? முதல்லயும் அதத்தான் சொன்னேன், நடுவுலயும் அதத்தான் சொன்னேன். நில்லுங்க. அவ படி எறங்கி வாரா. என்னையத்தான் பாத்து வாரா. அண்ணாச்சி, போறதுக்கு முன்ன நீங்களே அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, ஆவுடையம்மா நல்ல பிள்ளன்னுதான் சொன்னான்னு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா.